பாபினுக்குத் தைத்த மெத்தை

என் அக்கா தனக்குக் கல்யாணம் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விட்டாளா? அடுத்த மூச்சிலேயே, நாயையும் கூட்டிக்கொண்டுதான் கடல் தாண்டிப் போவேன் என்றாள்.

“நாயையா? பிளேன்லயா?”

“பின்ன? நீந்தியா வரும்?”

என் அக்காவிடம் பேசி ஜெயிக்க முடியாது. நானும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, “டாக்டர் இன்னும் வரலைங்க, உட்காருங்க” என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிப் பழகிய வாய் இது. “உனக்கு மாப்பிள்ளை முக்கியமா, நாய் முக்கியமா?” என்று நேராகவே கேட்டேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “ரெண்டும்தான்” என்றாள். 

அவளுக்கு வயசு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே இடுக்கி வைத்தது போல ஒரு நீளமான அறை, அதுதான் அவள் கடை. முன்னால் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, கடைசியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடியும் ஒரு முக்காலியும். பள்ளிச் சீருடை, கால்சட்டை, ஜன்னல் திரை, தலையணை உறை, எது வந்தாலும் தைப்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் கூடுதலாகத் துணி விட்டுத்தான் தைப்பாள். “நாளைக்கே ஒரு சுத்து பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்” என்பாள். இதைக் கல்யாணப் பெண்ணிடமே முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். அந்தப் பெண்ணின் அம்மா முறைப்பாள். ஆனால் அடுத்த வருஷம் அதே ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு பிரித்துவிடச் சொல்லி அதே அம்மாதான் வந்து நிற்பாள். தாராளமாக விட்டுத் தைத்தால் தப்பே வராது என்பது என் அக்காவின் கட்சி. “என் அளவு தப்பாப் போச்சுன்னு ஒரு துணி திரும்பி வந்திருக்கா, சொல்லு பாப்போம்” என்று சவால் விடுவாள். வந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாய் அந்த வெட்டு மேசைக்குக் கீழே குடியிருந்தது. யாரோ புண்ணியவான் கடை வாசலில் விட்டுவிட்டுப் போன குட்டி. வந்த வாரமே, மெஷினுக்கு அடியில் நூல் சுற்றிப் போடுகிற அந்தச் சின்ன உருளை, பாபின், அதை முழுசாக விழுங்கித் தொலைத்தது. அக்கா கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினாள். டாக்டரம்மா பாபினை வெளியே எடுத்துக் கொடுத்தார். அதைக் கழுவி அக்கா மறுபடி மெஷினில் போட்டுக்கொண்டாள், பேரை நாய்க்கு வைத்துவிட்டாள். குட்டி வளர்ந்து, பழுப்பு நிறத்தில், என் இடுப்பில் பாதி உயரத்துக்கு வந்து நின்றது. எனக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. என் புதுச் செருப்பில் ஒன்றை மட்டும் தின்றுவிட்டு மற்றதை மரியாதையாக வைத்திருந்தது. அந்த ஒற்றைச் செருப்பை நான் என்ன செய்வேன்?

இனி மாப்பிள்ளை. அவர் வெளிநாட்டில் பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். லீவில் வந்தபோது ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அக்கா கடைக்கு வந்தார். பாபின் மேசைக்குக் கீழிருந்து ஒரு குரல் கொடுத்தது. மனிதர் அடுத்த நொடி திரைக்குப் பின்னால் இருந்த முக்காலி மேல் ஏறி நின்றார். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறவருக்கு நாய் என்றால் தொடை நடுங்கும் என்று யார் கண்டது?

“இறங்குங்க, ஒண்ணும் பண்ணாது” என்றாளாம் அக்கா.

“பரவால்லைங்க. இங்கேருந்தே அளவு குடுக்கறேன்.”

முக்காலி மேலேயே நின்று அளவு கொடுத்தார். மறுநாள் இன்னொரு கால்சட்டையோடு வந்தார். அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒரு மனுஷனுக்கு எத்தனை கால்சட்டைதான் இருக்கும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் முக்காலி மேல் நின்றபடி அவர் ஏதோ சொல்ல, அக்கா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களை அவளுக்குப் பிடித்ததில்லை, அவளுக்குப் பிடித்தவர்கள் கேட்டு வந்ததில்லை. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த மனுஷர்தான் இரண்டுக்கும் பொருந்தி வந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டபோது அக்கா ஒரே நிபந்தனைதான் போட்டாள். பாபின் வந்தால் நான் வருவேன், பாபின் வராவிட்டால் நானும் வரமாட்டேன். அவர் முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கி, நாயை ஒரு பார்வை பார்த்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு, “சரிங்க” என்றார். அந்தச் “சரிங்க”வுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மாலை மாற்றிக்கொண்டார்கள். லீவு முடிந்து அத்தான் வெளிநாட்டுக்குத் திரும்பினார். அக்காவுக்கு விசா வந்துவிட்டது. நாய்க்கு அனுமதி கிடைக்கத்தான் நாள் இழுத்தது. ஊசி, ரத்தப் பரிசோதனை, தோலுக்கடியில் அடையாளச் சிப், அது முடிந்து ஒரு காத்திருப்பு, அப்புறம் இன்னொரு ஊசி. அத்தான் தினமும் போன் செய்து, “அது எப்படி இருக்கு?” என்று மாமியாரை விசாரிப்பது போலப் பயத்தோடு விசாரிப்பார். என் கவலை வேறு. எவனாவது ஓர் அதிகாரி எங்கேயாவது ஒரு விதியைக் காட்டி நாயை நிறுத்திவிட்டால், என் அக்கா அந்த நல்ல மனுஷரை அப்படியே விட்டுவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். வாய்ச்சொல்லுக்குச் சொல்லுகிறவள் இல்லை அவள். செய்துவிடுவாள்.

பயணத்துக்குக் கூண்டு வந்தது. கெட்டியான பிளாஸ்டிக், பக்கவாட்டில் காற்றுக்கு வரிசையாக ஓட்டைகள், முன்னால் கம்பிக் கதவு. அக்காவே பாபினை நிற்க வைத்து டேப்பால் உயரம், நீளம், மார்பு எல்லாம் அளந்து, வழக்கம்போல எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதல் சேர்த்துச் சொல்லி வாங்கிய கூண்டு. “கூண்டைக் கடையிலயே வைங்க. அதுவா உள்ள போய்ப் பழகணும், தள்ளக் கூடாது” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அதுவாகப் போகுமா அது? உள்ளே பிஸ்கெட் வைத்தால், பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடும். முட்டை வைத்தாலும் அதே கதைதான். கடைசியில் அக்கா தானே உள்ளே நுழைந்தாள். பாதி உடம்பு உள்ளே, கால் இரண்டும் வெளியே. நான் போன நேரம், ஒரு டீச்சர் கடை நடுவில் நின்று அந்தக் கால்களைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார்.

“டெய்லரக்கா இல்லையா?” என்று என்னைக் கேட்டார்.

கூண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. “இருக்கேன் டீச்சர். டேப் மேசை மேல இருக்கு. இடுப்பை நீங்களே அளந்து சொல்லுங்க.”

டீச்சர் டேப்பைச் சுற்றிப் பிடித்து ஓர் அளவு சொன்னார்.

“மூச்சை விடுங்க டீச்சர். விட்டுட்டு அளங்க.”

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்படியே நாலைந்து நாள் அக்கா மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு கூண்டுக்குள் தலையை வைத்துப் படுத்தாள். ஒரு நாள் அசந்து தூங்கியும் போனாள். விழித்துப் பார்த்தால், அவள் தலைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கிறது அது! எனக்கு உடனே போன் வந்தது. குரலில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. “போயிடுச்சுடி, தானாவே போயிடுச்சுடி” என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் அதற்கு ஒரு மெத்தை தைத்தாள். கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளையெல்லாம் ஒட்டுப்போட்டு, ஓரம் மடித்து, பஞ்சு அடைத்து. பாபின் அதன் மேல் ஏறிப் படுத்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். பயணத்துக்கு முந்தின நாள் பார்த்தால் மெத்தை சப்பையாகப் போயிருந்தது. அக்காவின் கை சும்மா இருக்குமா? பிரித்தாள், புதுப் பஞ்சை எடுத்து அடைத்தாள். “வழியில அழுந்திடும், கூடுதலாவே இருக்கட்டும்” என்று இன்னும் அடைத்தாள். மெத்தை நகர்ந்து நாய்க்குத் தொந்தரவாகக் கூடாது என்று, கூண்டின் காற்று ஓட்டைகள் வழியாக நைலான் நூலை விட்டு, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டித் தைத்தே விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன நேர்த்தியான கை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வாடகை வேனை ஓட்ட, நாங்கள் விமான நிலையம் போனோம். அக்காவின் பெட்டியை எடை போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். அது பெல்ட்டில் போய் மறைந்ததும், கூண்டைப் பார்க்கக் கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். இளம் பெண்தான், சிரித்த முகம். குனிந்து உள்ளே பார்த்தாள்.

“எழுந்து நிக்கச் சொல்லுங்கம்மா.”

அக்கா கூப்பிட்டதும் பாபின் எழுந்து நின்றது. கடையில் ஒரு நாளும் நிமிராத அந்தக் காதுகள், ஒலிபெருக்கிச் சத்தமும் தள்ளுவண்டிச் சத்தமும் கேட்டு விறைத்துக்கொண்டு நின்றன. இரண்டும் கூண்டின் கூரையில் போய் முட்டி மடங்கின. அந்தப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது.

“காது மேல படக் கூடாதும்மா. கூண்டு சின்னதா இருக்கு. இப்படி ஏத்த முடியாது.”

“சின்னதா? நான் அளந்து வாங்கினதும்மா அது” என்றாள் அக்கா.

“படுதேம்மா. நீங்களே பாருங்க.”

“என் அளவு தப்பாது.”

நான் நடுவில் புகுந்தேன். என் வாய்க்கு அன்று என்ன வந்ததோ, ஊசி போட்ட கதையிலிருந்து டீச்சர் இடுப்பு வரைக்கும் கொட்டித் தீர்த்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “புரியுதுங்க, ஆனா விதி அப்படிங்க. கொஞ்சம் உட்காருங்க” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் நான் சொல்லுகிற வார்த்தை அது, அதே இழுப்போடு! எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கம்பிக்குள் விரலை விட்டு அதன் தாடையைத் தடவினாள்.

“சரி, வண்டியைத் திருப்பச் சொல்லு. வீட்டுக்குப் போலாம்.”

“அக்கா, அத்தான்...”

“அவருக்கு நான் சொல்லிக்கறேன்.”

ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஒரு நொடி என் மனசு குளிர்ந்தது. இவள் எங்கேயும் போகமாட்டாள், நாளைக்கும் நான் வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்து இவளோடு சண்டை போடலாம் என்று தோன்றியது. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். மாலை போட்ட அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றவள், இப்போது யாரும் பார்க்கக் கூடாது என்று நாயின் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இவளாவது, வீட்டுக்குத் திரும்புவதாவது!

நானும் தரையில் உட்கார்ந்து கூண்டுக்குள் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், கீழே வந்தேன். பாபினின் நாலு காலும் பஞ்சின் மேல் ஏதோ சிம்மாசனத்தில் ஏறியது போல உயரத்தில் நின்றன.

“அக்கா, மெத்தையை எப்ப அளந்த?”

“மெத்தையை எதுக்கு...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கையால் மெத்தையின் உயரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.  “அடக் கடவுளே! பஞ்சு!” என்றாள்.

நாயைத்தான் அளந்தாள், மகராசி. கூண்டையும் அளந்தாள். நடுவில் தான் தாராளமாக அடைத்த பஞ்சை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அளவு தப்பாகித் திரும்பி வந்த முதல் உருப்படி அதுதான், அதுவும் விமான நிலையக் கவுன்ட்டர் வரைக்கும் போய்!

“மெத்தையை எடுத்துட்டா போதும்மா” என்றாள் கவுன்ட்டர் பெண், அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. “அடியில விரிக்க ஏதாவது துணி மட்டும் இருக்கணும்.”

எடுக்கத்தான் முடியவில்லை. என் அக்கா தைத்ததாயிற்றே, அவ்வளவு லேசில் வருமா? என் வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார், கூண்டுதான் நகர்ந்தது. கத்தரிக்கோல், பிளேடு, பிரிக்கிற ஊசி எல்லாம் பெல்ட்டில் போன பெட்டிக்குள். அந்தப் பெண்ணிடம் கேட்டால், “விமான நிலையத்துல கத்தரிக்கோலா?” என்று கையை விரித்தாள்.

“நாயைப் பிடி” என்றாள் அக்கா என்னிடம்.

“நானா?”

“வேற யாருடி இருக்கா? பிடி!”

பிடித்தேன். பாபின் என் மடியில் முழு எடையையும் போட்டு உட்கார்ந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தாள். பாதி உடம்பு உள்ளே, கால் இரண்டும் வெளியே. மெத்தையின் ஓரத்தைப் பல்லால் கடித்தாள். வாழ்நாள் முழுக்க நூல் கடித்த பல் அல்லவா, தையல் படக்கென்று விட்டது. பிறகு பஞ்சு வெளியே வர ஆரம்பித்தது. பிடி பிடியாக, நிற்காமல். எனக்கு ஒரு பிடி, என் வீட்டுக்காரருக்கு ஒரு பிடி. என் கைப்பை நிறைந்தது, அவர் சட்டைப் பை நிறைந்தது, கால்சட்டைப் பை நிறைந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தன் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினார். காற்றில் பறந்த பஞ்சு பாபின் மூக்கில் ஏற, அது ஒரு தும்மல் போட்டது பாருங்கள், அந்தக் கவுன்ட்டர் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையே சிரித்தது. கூண்டுக்குள்ளிருந்து அக்காவும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. மெத்தை வெறும் துணியாகக் கிடந்தது. பாபின் உள்ளே போய் முகர்ந்து பார்த்தது, ஒரு சுற்று சுற்றியது, நிமிர்ந்து நின்றது. காதுக்கும் கூரைக்கும் நடுவே அந்தப் பெண் கையை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போய் வந்தது.

“சரிங்கம்மா. போலாம்.”

அதற்கப்புறம் அழுவதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. கூண்டை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார். அக்காவுக்கு உள்ளே அழைப்பு வந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் தலையிலிருந்து பஞ்சை எடுக்கப் போனேன், “விடுடி, நேரமாச்சு” என்று ஓடினாள். புது மணப்பெண் பஞ்சுத் தலையோடு புகுந்த வீட்டுக்குப் போகிறாளே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேனில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் உட்கார்ந்ததும் பையிலிருந்து பஞ்சு பிதுங்கியது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு முன்னால் நீளமான வரிசை. போன் அடித்தது. நான் எல்லாரையும் கையமர்த்திவிட்டு எடுத்தேன்.

“வந்து சேந்துட்டோம்டி” என்றாள் அக்கா. “வழியில ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்கிட்டுத்தான் வந்திருக்கு. இங்க வெளிய விட்டதும் நேரா அவர் கால் மேல போய் உட்காந்துடுச்சு. மனுஷன் நகரவே இல்ல, அப்படியே நின்னாரு பாவம்.”

“பயந்தாரா?”

“வேர்த்துக் கொட்டிச்சு. ஆனா தடவினாரு.”

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. நாய் எந்தப் பக்கம் படுக்கும், தான் எந்தப் பக்கம் படுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே அவர்களுக்கு ராத்திரியாகிவிட்டிருந்தது. அக்கா கொட்டாவி விட்டாள். போனை வைக்கப் போகிற நேரத்தில், யோசிக்காமலேயே என் வாயிலிருந்து அது வந்தது. அவள் தனியாக இருந்த அத்தனை வருஷமும், தூங்கப் போகும் முன்னால் நான் போன் செய்து தவறாமல் கேட்ட கேள்வி.

“கதவைப் பூட்டினியா?”

அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது. பிறகு அக்கா சொன்னாள்.

“அவர் பூட்டிட்டாருடி.”

நான் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வரிசையில் முதலில் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “என்னங்க, கெட்ட செய்தியா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன். “எங்க அக்கா வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டா.”